மோரிப்பில் கடல் இல்லாத அமாவாசை

கடல் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றுதான் பெரியப்பா சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன். இப்போதெல்லாம் யாராவது "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், வாங்க" என்று கூப்பிட்டால், எதற்கு, யாருக்காக, அங்கே போய் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன். இந்தக் கிழவிக்கு எதிலும் சந்தேகம் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அவர்கள் யாரும் அந்த மோட்டார் காடியில் உட்கார்ந்து வரவில்லை.

மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்து, எஸ்டேட் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பெரியப்பா ரயிலில் கார்டு வேலை பார்த்தார். வீட்டில் அவர், பெரியம்மா, அம்மா, நான். அப்பா கிடையாது. கிடையாது என்றால் செத்துப்போனார் என்று அர்த்தமில்லை. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. நான் அம்மா வயிற்றில் இருந்தபோது, சயாமில் அரிசி மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். அதோடு சரி. ஒரு தகவலும் இல்லை.

பெரியப்பா தேடாமல் விடவில்லை. வடக்கே போகும் ரயிலில் அவருக்கு வேலை விழுந்தால், நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசாரிப்பார். "நெட்டையா இருப்பான். இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. பேசறப்ப கொஞ்சம் திக்கும்." என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பெரியப்பா தொப்பியைக் கழற்றும்போது அம்மா அடுப்படிக் கதவோரம் வந்து நிற்பாள். அவர் இல்லை என்று தலையாட்டுவார். அம்மா உள்ளே போய்விடுவாள். நான் பிறந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்ததால், எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கும்போல என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவரைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவரை இறந்தவராக வைத்துத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, கருமாதியை முடித்துவிட வேண்டும். அத்தோடு பெண்டாட்டியின் தாலியும் பொட்டும் போய்விடும். பெரியம்மாவுக்குக் குழந்தை தங்கவே இல்லை. அதற்காகக் கோயில் பண்டாரம் வந்து சோழி போட்டுப் பார்த்துவிட்டு, பெரியப்பாவிடம், உன் தம்பிதான் தண்ணீர் கேட்டு அலைகிறான், ஆடி அமாவாசையில் சமுத்திரக் கரையில் எள்ளும் தண்ணீரும் விடு என்று சொல்லிவிட்டார். கணக்குப் பார்த்தார்கள். பன்னிரண்டு நிறைந்திருந்தது.

அப்போது எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அடுப்படியில் பெரியப்பா தணிந்த குரலில் கேட்டதும் பெரியம்மா சொன்னதும்தான் காதில் விழுந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்தா. களைஞ்சு முடிச்சா."

இதில் என்ன இருக்கிறது, எதற்கு இப்படிக் கிசுகிசுக்கிறார்கள் என்று எனக்கு ஒரே குழப்பம்.

மோரிப்புக்குப் போகலாம் என்று யோசனை சொன்னவர் வாடகைக் காடி ஓட்டும் அண்ணன். கிள்ளான்காரர், வாய் ஓயாது. கிள்ளான் துறைமுகத்தில் ஒரே கரியும் எண்ணெயுமாக இருக்கும், அங்கே நின்று காரியம் செய்ய முடியாது என்றார் அவர். "மோரிப்புக்கு வாங்க கார்டையா! அமாவாசைன்னா கடலு மரத்தடிக்கே வந்துரும்லா! ரோட்டுல நின்னே கால் நனைக்கலாம்!" பெரியப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. அமாவாசையில் கடல் பொங்கும் என்பது அவருக்கும் தெரிந்ததுதானே. நாகப்பட்டினத்தில் பிறந்து கடலோரம் விளையாடியவர். பஞ்சாங்கத்தைப் பார்த்து, உச்சிப்பொழுதுக்கு முன்னால் காரியம் முடிகிற மாதிரி புறப்படும் நேரத்தை முடிவு செய்தார். ரயில் கார்டு அல்லவா, நேரத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அன்று காலை அம்மா குளித்து, அரக்குச் சிவப்புப் புடவை கட்டி, நெற்றியில் எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டாள். தலை கொள்ளாமல் பூ. கல்யாணத்துக்குப் போகிறவள்கூட அவ்வளவு சிங்காரிக்க மாட்டாள். பெரியம்மா அவளைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அம்மா அழகாக இருப்பதைப் பார்த்து எதற்கு அழ வேண்டும்? பெரியம்மாவுக்குப் பொறாமையோ என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்கு என்னையே அறையலாம்.

பெரியப்பாவும் பண்டாரமும் முன்னால் ஓட்டுநரோடு நெருக்கிக்கொண்டார்கள். நாங்கள் மூன்று பெண்கள் பின்னால். என் மடியில் புளியோதரைத் தூக்கு. காரியம் முடியும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு, பெட்டாலிங் ரப்பர் தோட்டங்களையும், கிள்ளானையும், அதற்கப்புறம் வந்த தென்னந்தோப்புகளையும் பார்த்துக்கொண்டே போனேன். வழியில் காடி கொதித்துப் போய் நின்றது. ஒரு மலாய்க் கிராமத்தில், கம்பத்து வீட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர்.

மோரிப்பு வந்துவிட்டது என்று ஓட்டுநர் நிறுத்தினார். சவுக்கு மரங்கள், காற்று, மரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர். மரங்களுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல். மணலுக்கு அப்பால் சேறு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறுதான். அங்கங்கே குட்டை. இரண்டு மூன்று படகுகள் சாய்ந்து கிடந்தன. சேற்றுக்குள்ளிருந்து கண் முழித்த சின்ன மீன்கள் தத்தித் தத்தி நடந்தன. நான் அதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை. ஆகவே இதுதான் கடல் என்று நினைத்துக்கொண்டேன். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சப்பென்று போய்விட்டது.

"எங்கடா கடலு?" என்று பெரியப்பா கேட்டார்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "போயிருக்குங்க கார்டையா."

"போயிருக்கா? எங்க போயிருக்கு? கடைக்குப் போயிருக்கா?"

"வந்துரும்லா. வராம எங்க போவும்?"

வலை பின்னுகிறவரிடம் ஓடி மலாயில் பேசிவிட்டு வந்தார் ஓட்டுநர். முகம் சுருங்கியிருந்தது. "மலாயில 'ஆயிர் சுருட்'னு சொல்றாரு. தண்ணி வத்துற நேரமாம். பொழுது சாயறப்பதான் நெறையுமாம். அமாவாசைக்கு எந்த அளவுக்கு ஏறுமோ அந்த அளவுக்கு எறங்குமாம்."

பெரியப்பா பையிலிருந்து ரயில்வே கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு சேற்றைப் பார்த்தார். "ரயிலு லேட்டானா மேல எழுதிக் கேக்கலாம். இதுக்கு நான் யாருக்குடா எழுதறது?" என்று கத்தினார். அவர் ஊர்க் கடல் இப்படியெல்லாம் ஊர்சுற்றப் போகாது. அலை பெரிதாகும், சின்னதாகும், ஆனால் இருக்கிற இடத்தில் இருக்கும். பஞ்சாங்கத்தைக் கேட்டவர்கள், பண்டாரத்தைக் கேட்டவர்கள், கடலை எப்போது வருவாய் என்று கேட்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நாள் தவறாமல் மலாய்க்காரர்களோடு பழகுகிற ஆட்கள்.

உச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. பண்டாரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மணலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டையைக் கையால் காட்டினார். "அதுவும் சமுத்திர ஜலம்தானே? அதுலயே முடிச்சிரலாம்." பையைத் திறந்து எள்ளை எடுத்தார், செம்பை எடுத்தார், பிறகு வாழையிலையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். புல்லில் கட்டிய ஒரு பொம்மை. முழங்கை நீளம், தலை, இரண்டு கை, இரண்டு கால்.

"இது யாரு?" என்றேன்.

பெரியம்மா என் தோளைப் பிடித்தாள். பண்டாரம் மனுஷர் பாவம், குழந்தைகளிடம் பொய் சொல்லத் தெரியாதவர். "உங்கப்பா, கண்ணு" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். விளங்கவில்லை. அப்பா செத்துவிட்டாரா? எப்போது செய்தி வந்தது? செய்தி வரவில்லை என்றால் எதற்கு இந்தப் புல்? பெரியம்மா அழுதுகொண்டே காதில் சொன்னாள்: காரியம் முடிந்ததும் அம்மா தாலியைக் கழற்றிவிடுவாள், நீ பயப்படாதே. அப்புறம் எப்படிப் பயப்படாமல் இருப்பது? அம்மாவைப் பார்த்தேன். அம்மா குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் தம்பி மனைவி மூத்தவரோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். எது சொல்ல வேண்டுமானாலும் பெரியம்மாவிடம் சொல்வாள். அவர் இரண்டு கை தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாலும் பெரியம்மா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்றும் அப்படித்தான் நடந்தது.

"அக்கா, மூத்தவங்ககிட்ட சொல்லுங்க. சமுத்திரம்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க. குட்டையில நான் தாலி கழட்ட மாட்டேன்."

பெரியம்மா அவர் பக்கம் திரும்பினாள். "குட்டையில கழட்ட மாட்டாளாம்."

"கேட்டுச்சு! எல்லாம் ஒரே தண்ணிதான்னு சொல்லு அவகிட்ட."

"ஒரே தண்ணிதானாம்."

"அப்ப பிரிக்பீல்ட்ஸ்ல கொழாயடியிலயே முடிச்சிருக்கலாமே, இவ்வளவு தூரம் எதுக்குன்னு கேளுங்கக்கா."

பெரியம்மா இதைத் திருப்பிச் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சபாஷ் அம்மா என்று உள்ளுக்குள் கத்தினேன். அவள் தாலியைக் காப்பாற்றிக்கொள்ளச் சண்டை போடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சமுத்திரம்தானே வேணும்? வர மாட்டேங்குதுல்ல? நான் போறேன்!" வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் எள்ளுச் செம்பும் மறுகையில் புல் அப்பாவுமாகச் சேற்றில் இறங்கிவிட்டார். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, அதுதான் கடலாம். வலை பின்னுகிறவர் எழுந்து நின்று ஏதோ கத்தினார். பெரியப்பா காதில் வாங்கவில்லை. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு ஒரு கால் தொடைவரை போய்விட்டது. அடுத்த காலைத் தூக்க முயன்றார், அதுவும் போய்விட்டது. கையை ஆட்டியதில் செம்பு ஒரு பக்கம் பறந்தது, அப்பா இன்னொரு பக்கம் பறந்தார்.

"ஐயோ, ஆள் போறாரே!" என்று பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். வலை பின்னுகிறவர்தான் காப்பாற்றினார். சேற்றில் சிப்பி பொறுக்கப் போகிறவர்கள் ஒரு நீளப் பலகையில் ஒரு காலை மடித்து ஊன்றி மறுகாலால் உந்திச் சறுக்கிக்கொண்டு போவார்கள். அப்படிப் போய், பெரியப்பாவைப் பலகையில் குப்புறப் போட்டு இழுத்து வந்தார். எருமை குளத்திலிருந்து ஏறின மாதிரி இருந்தார் பெரியப்பா. யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நான் சிரித்தேன். அவரே கொஞ்சம் சிரித்தார்.

அதற்குள் உச்சி தாண்டிவிட்டது. இனி தை அமாவாசைதான் என்றார் பண்டாரம். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஜெயித்துவிட்டோம்! புளியோதரைத் தூக்கைத் திறந்தோம். பெரியப்பா பசியில் பேசாமல் சாப்பிட்டார். அம்மாவும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

கிளம்பலாம் என்றபோது நான்தான் அடம் பிடித்தேன். கடல் பார்க்கத்தானே கூட்டிவந்தீர்கள், கடலைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டேன். பெரியப்பா அதட்ட வாயெடுத்தார். "பாத்துட்டே போவோம், அக்கா" என்றாள் அம்மா. அவர் துணி காயவும் நேரம் வேண்டியிருந்தது. இருந்தோம்.

கடல் வந்தது. அதை எப்படிச் சொல்ல? முதலில் ஒன்றும் தெரியவில்லை. சேற்றில் இருந்த சின்ன வாய்க்கால்கள் சத்தமில்லாமல் நிறைந்தன. நடந்துகொண்டிருந்த மீன்கள் மறைந்தன. சாய்ந்து கிடந்த படகொன்று அசைந்து, நிமிர்ந்து, மிதந்தது. பிறகு வெள்ளைக் கோடு கிட்டே வந்துவிட்டது. சத்தம் வந்தது. மத்தியானம் பெரியப்பா மாட்டிக்கொண்ட இடத்தில் இப்போது ஆள் மூழ்கும் தண்ணீர். மணலை விழுங்கிவிட்டு, மரத்தின் வேரைத் தொட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது. நான் பயத்திலும் சந்தோஷத்திலும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டேன். இவ்வளவு பெரியதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

நுரையும் தேங்காய் மட்டையும் குப்பையுமாகக் கரையில் ஒதுங்கியதில் அதுவும் இருந்தது. ஒரு கை பிய்ந்து, ஊறிப்போய், அம்மாவின் காலடியிலிருந்து நாலடி தூரத்தில் கிடந்தது. பெரியப்பாதான் முதலில் பார்த்தார். அப்படியே தண்ணீரில் மண்டியிட்டுவிட்டார்.

"வந்துட்டான்! பாத்தியா, திரும்பி வந்துட்டான்! எந்தம்பி சாகல! பண்டாரம், இதுக்கு என்னாய்யா அர்த்தம்? உசிரோட இருக்கான்னுதானே அர்த்தம்?"

பண்டாரம் பாவம், விழித்தார். அவருடைய சோழியில் இதெல்லாம் வராதுபோல. பெரியம்மா தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். என் அப்பா வரப்போகிறார்! நெட்டையாக, புருவத்தில் தழும்போடு, திக்கித் திக்கி என் பெயரைக் கேட்கப்போகிறார்.

அம்மா குனிந்து அதை எடுத்தாள். பாசியை வழித்து எறிந்தாள். ஓட்டுநரிடம் கேட்டாள்: "அண்ணே, இந்தத் தண்ணி எப்பத் திரும்பும்னு அவர்கிட்ட கேளுங்க."

வலை பின்னுகிறவர் கடலைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறுக்கணும் என்றாராம். அம்மா மரத்தடியில் உட்கார்ந்து, ஈரப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டாள். புடவை நனைந்தது. பொழுது இறங்கியது. கடைசியில் அந்த மலாய்க்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். வேரை நனைத்த தண்ணீர் ஒரு சாண் பின்னால் போயிருந்தது.

அம்மா எழுந்து முழங்கால் தண்ணீருக்குப் போனாள். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டாள். மஞ்சள் கயிற்று முடிச்சு இறுகியிருந்தது, முன்னால் இழுத்துப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பெரியப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேணாம்! வேணாம்மா! திதி போயிருச்சு, செல்லாது! அவன் வந்துட்டான்னு நானே சொல்றேன்ல? வேணாம், தாயே!" அவர் அம்மாவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அன்றுதான். காலையிலிருந்து இதைச் செய்யத்தான் எங்களை இழுத்துக்கொண்டு வந்தவர், இப்போது தண்ணீரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மாவும் அவரை நிமிர்ந்து பார்த்தே பேசினாள். "நீங்க தேடுனது போதுங்க."

கயிற்றைப் பொம்மையில் சுற்றித் தண்ணீரில் விட்டாள். வற்றும் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போயிற்று. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் மூக்கில் வழிந்தது, அதையும் துடைத்தாள். பெரியப்பா மணலில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, ஓவென்று அழுதார். எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை. குட்டையில் மாட்டேன் என்றவள், அத்தனை பேரையும் எதிர்த்து நின்று ஜெயித்தவள், யாரும் கேட்காதபோது தானே கழற்றுவாளா? அப்புறம் எதற்குச் சண்டை போட்டாய்? வந்தவரை ஏன் திருப்பி அனுப்பினாய்? காடியில் ஏறியதும் அவளை விட்டுத் தள்ளி, கதவோரம் ஒட்டிக்கொண்டேன்.

தென்னந்தோப்பு தாண்டும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அப்பா செத்துட்டாராம்மா?"

"தெரியலடி."

"பின்ன எதுக்கு அப்படிச் செஞ்சே?"

அம்மா வெறும் நெற்றியைத் தடவிக்கொண்டாள். "அலுத்துப்போச்சுடி. ஒவ்வொரு நாளும் காலையில இன்னைக்கு வந்துருவாரு, இன்னைக்கு வந்துருவாருன்னு பொட்டு வைக்கிறேன். எனக்கு அலுத்துப்போச்சு."

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து என் தோளில் தலையைச் சாய்த்தாள். அவள் எனக்கு முன்னால் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. கிள்ளான் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தாள். பிரிக்பீல்ட்ஸ் வந்து காடி நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா கதவைத் திறந்துவிட்டு, அவளை எழுப்ப வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார்.